பாலத்தில் நின்றவள்

என் அக்கா பேயாகிவிட்டாள் என்று எங்களிடம் முதலில் சொன்னவர் மீன்காரர்.

சுங்கை செம்பிலாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன்கூடையைக் கட்டிக்கொண்டு வாரத்தில் சில நாள் எங்கள் தோட்டத்துக்கு வருவார். மலாய்க்காரர், ஆனால் தமிழ் நன்றாகப் பேசுவார். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் முனையில் வண்டியை நிறுத்தி ஹாரனை விடாமல் அழுத்துவார். பெண்கள் தட்டோடு ஓடுவார்கள். அன்று காலை ஹாரன் கேட்கவில்லை. எங்கள் வீட்டு வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க லா. உங்க பொண்ணு பாலத்துல நிக்குது. இப்ப மழையில வரும்போது பாத்தேன். திரும்பிப் பாத்தா இல்ல.”

அக்காவைப் புதைத்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அம்மா கூச்சல் போடுவாள், இல்லை மயங்கி விழுவாள் என்று நினைத்து நான் அவள் பின்னால் போய் நின்றுகொண்டேன். அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். பிறகு, வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்த்துவிட்டு வந்தவரிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

“எப்படி இருந்தா? கையில புள்ள இருந்துச்சா?”

மீன்காரர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சரியாத் தெரியல அக்கா. மழை” என்றார். போகும்போது ஒரு பொட்டலம் நெத்திலியைப் படியில் வைத்துவிட்டுப் போனார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் தோட்டம் ஈஜோக்கிலிருந்து பத்தாங் பெர்ஜூந்தைக்குப் போகும் வழியில் உள்ளே தள்ளி இருந்தது. பாதி ரப்பர், பாதி சில வருஷம் முன்னால் எண்ணெய்க்காக நட்ட செம்பனை. அந்தப் பக்கம் முழுவதும் பேய்க்குக் குறைவே கிடையாது. கோல சிலாங்கூர் குன்றில் அந்தக் காலத்தில் ஆட்களின் தலையை வெட்டிய கல் இருக்கிறது, அதன்மேல் உட்கார்ந்தால் காய்ச்சல் வரும் என்பார்கள். பத்தாங் பெர்ஜூந்தை ஈயம் தோண்டிய குட்டைகளில் முழுகியவர்கள் கரைக்கு வருகிறவர்களின் காலைப் பிடிப்பார்கள். ஜப்பான்காரன் ஆட்களைச் சுட்ட சாலை வளைவு ஒன்று இருந்தது. பஸ் டிரைவர்கள் அங்கே ஹாரன் அடிக்காமல் போகமாட்டார்கள். எங்கள் தோட்டத்திலேயே ரப்பர் உலர்த்திய பாழடைந்த புகைக்கூடத்தில் ஒரு வெள்ளைக்காரி நடப்பதாகப் பேச்சு. இந்தக் கதைகளைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். கேட்கும்போது பயமாக இருக்கும், பிடித்தும் இருக்கும். அந்தப் பேய்களுக்கும் சாப்பாடு போட்டு, தலைவாரி, ஏசி வளர்த்த ஒரு வீடு எங்கோ இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். பால்மரம் சீவுவாள். ஆண்கள் ஓட்டும் உயரமான சைக்கிளை, பாவாடையை முடிந்துகொண்டு, பால் வாளி தொங்க ஓட்டுவாள். சிரித்தால் லயத்தின் அந்தக் கோடி வரை கேட்கும். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஏதாவது சொன்னால் பதிலுக்கு ஒன்று சொல்லாமல் விடமாட்டாள். அட்டைக்கு மட்டும் பயம். காலில் அட்டை ஏறிவிட்டால் கண்ணை இறுக மூடிக்கொண்டு “எடு எடு எடு” என்று கத்துவாள். பேய்க்குப் பயப்படமாட்டாள். அதே தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் ஒருவரைக் கட்டிக்கொண்டு, எங்கள் வீட்டிலிருந்து நாலைந்து கதவு தள்ளிக் குடியிருந்தாள். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அதிகம் பேசாத மனிதர். அவள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

அவளுக்குப் பிரசவ வலி எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து மருத்துவச்சி கூடவே இருந்தாள். மத்தியானம் அவள் வெளியே வந்து கையைக் கழுவிக்கொண்டே அப்பாவிடம் சொன்னாள்: “இது என் கையில ஆகாதுண்ணே. புள்ள குறுக்க கெடக்கு. தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க. சீக்கிரம்.”

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் லீவில் ஊருக்குப் போயிருந்தார். தோட்டத்தில் ஒரே லோரி. குலை ஏற்றும் லோரி. அது ஆபீசுக்குப் பின்னால் கொட்டகையில் நின்றது. அதை ஓட்டத் தெரிந்தவர்கள் லயத்திலேயே இருந்தார்கள். சாவி ஆபீசில், தோட்ட மானேஜரான துரையின் பொறுப்பில் இருந்தது. அப்பா ஆபீஸின் தலைமைக் கணக்கரான பெரிய கிராணி வீட்டுக்கு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய தகப்பனாரும் அதே தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். நல்லவர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவர் சாப்பாட்டுக் கையோடு வெளியே வந்தார்.

“துரை வெளியில போயிட்டார். அவர் சொல்லாமல் திறப்பை எடுத்துத் தர எனக்கு அதிகாரம் இல்லை” என்றார்.

“ஐயா, பொண்ணு துடிக்கிறாய்யா.”

“விளங்குது. நான் கிளப்புக்குப் போன் அடிச்சுப் பாக்கிறன். நீ கொஞ்சம் பொறு.”

அவர் போனைச் சுற்றினார். எங்களுக்கு வாசலிலிருந்தே மணி அடிப்பது கேட்டது. யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் சுற்றினார். “கொஞ்சம் பொறுங்கோ” என்றார். கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. அப்பா பொறுத்துப் பார்த்தார். பிறகு திரும்பி ஓடிவந்துவிட்டார்.

அக்காவைக் கான்வாஸ் கட்டிலில் படுக்கவைத்தார்கள். அப்பா, மாமா, இன்னும் இரண்டு பேர் தூக்கினார்கள். செம்மண் பாதையில் பெரிய சாலை வரை நடந்து, அங்கே ஏதாவது வண்டியை நிறுத்துவதாக எண்ணம். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. அம்மா குடையை அக்கா முகத்துக்கு மேலே பிடித்தபடி பக்கவாட்டில் ஓடிவந்தாள். நான் துணி மூட்டையைச் சுமந்தேன். தோட்டத்து வாசலில் பெரிய வடிகாலின் குறுக்கே மரப்பாலம் ஒன்று. அதற்கு வந்ததும் அக்கா, “கொஞ்சம் கீழ வைங்க, கொஞ்சம் கீழ வைங்க” என்றாள். வைத்தார்கள். அப்பா சாலைக்கு ஓடிப்போய் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். கார்கள் தண்ணீரை வாரியடித்துவிட்டுப் போயின. அக்கா என்னிடம், “கால் சில்லுன்னு இருக்குடி, தேய்ச்சு விடு” என்றாள். நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மரலோரி நின்றதும், “நிறுத்திட்டான், நிறுத்திட்டான், தூக்குங்க” என்று அப்பா கத்திக்கொண்டே ஓடிவந்தார். அப்போதும் நான் தேய்த்துக்கொண்டுதான் இருந்தேன். மாமா கட்டிலின் ஓரத்தில் மண்டியிட்டுத் தலையைத் தொங்கப்போட்டிருந்தார். யாரும் தூக்கவில்லை.

மறுநாள் தோட்டத்து இடுகாட்டில் புதைத்தார்கள். பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டே செத்தவள் திரும்பி வருவாள் என்று பெரியவர்கள் முன்னாலேயே பேசிவைத்திருந்தார்கள். இடுகாட்டிலிருந்து லயம் வரை வழியெல்லாம் கடுகு தூவினார்கள். செத்தவள் வழியில் உட்கார்ந்து கடுகைப் பொறுக்கி எண்ணுவாளாம், எண்ணி முடிக்கும் முன்னே பொழுது விடிந்துவிடுமாம், அதனால் வீடு வந்து சேரமாட்டாளாம். அம்மா, துணைக்குப் பிடித்திருந்த பெண்களை உதறிவிட்டு, கடுகு தூவியவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏன் தூவுறீங்க? எம்பொண்ணு என் வீட்டுக்கு வந்தா உங்களுக்கு என்னா?”

அவர் கையை விடுவித்துக்கொண்டு இன்னும் ஒரு பிடி எடுத்துத் தூவினார்.

அப்பா தினமும் வேலை முடிந்து ஆபீசுக்குப் போனார். சாவி ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டார். சத்தம் போடவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று அதையே கேட்டார். முதலில் துரை விசாரிப்பதாகச் சொன்னார். லயத்து ஆட்களும் அப்பாவோடு இருந்தார்கள். கோயில் பக்கத்தில் கூட்டம் கூடியது. “ஒரு நாள் யாரும் காட்டு வேலைக்குப் போகாம இருந்து காட்டுவோம். இன்னைக்கு அவரு பொண்ணு, நாளைக்கு எம்பொண்ணு” என்று ஒருவர் பேசினார். ஞாயிற்றுக்கிழமையும் லோரி சாவி லயத்தில் ஒருவரிடம் இருக்க வேண்டும் என்று கேட்கப்போவதாக முடிவு செய்தார்கள். அப்பா அன்று வீட்டுக்கு வந்து, சாவுக்குப் பிறகு முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டார்.

மீன்காரர் பார்த்தது அந்த வாரத்தில்தான்.

சேதி ஒரே நாளில் தோட்டம் முழுவதும் பரவியது. அதன்பிறகு பாலத்தைப் பற்றித்தான் பேச்சு. ஒருத்தர் தூரத்திலிருந்து சேலையைப் பார்த்தார். ஒருத்தர் குழந்தை அழும் சத்தம் கேட்டார். தண்ணீர்க் குழாயடியில், பால் நிறுக்கும் இடத்தில், சீனன் கடையில் எல்லாம் அதுதான். பாலத்துக்குப் பிள்ளைத்தாச்சிப் பாலம் என்று பேர் வந்துவிட்டது. அடுத்த கூட்டத்தில், முதலில் பாலத்துக்குப் பூசை போட வேண்டும், லோரி விஷயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அப்பா எழுந்து, “எம்பொண்ணு பேயுனாலயா செத்தா? சாவி இல்லாமதானே செத்தா” என்றார். “அது சரிதான். ஆனா இப்ப புள்ளைங்க அந்தப் பக்கம் ஸ்கூலுக்குப் போகப் பயப்படுதுங்களே” என்று பதில் வந்தது. பூசைக்கு வேண்டிய கோழியைத் துரையே கொடுத்தார். அப்பாவைக் கூப்பிட்டு ஆறுதலும் சொன்னாராம். அப்பா அதற்குப் பிறகும் சில நாள் ஆபீஸ் ஜன்னலுக்குப் போய் நின்றார். இப்போது மற்றவர்கள் அவரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள்.

அம்மா மாலையானால் பாலத்துக்குப் போக ஆரம்பித்தாள்.

தடுத்துப் பார்த்தோம், முடியவில்லை. அதனால் நானும் கூடப் போவேன். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் பாரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த காலம். அக்கா விட்டுப்போன மஞ்சள் சேலையை அம்மா கட்டிக்கொள்வாள். தன் சேலையை அடையாளம் கண்டு அவள் கிட்டே வருவாள் என்று சொன்னாள். பாலத்தின் கைப்பிடி மரத்தைப் பிடித்துக்கொண்டு, சூரியன் செம்பனைகளுக்குப் பின்னால் இறங்குவதிலிருந்து முகம் தெரியாமல் இருட்டும் வரை நிற்பாள். பேசமாட்டாள். கொசு கடித்தாலும் கையை அசைக்கமாட்டாள். நான் சற்றுத் தள்ளி மைல்கல்லில் உட்கார்ந்திருப்பேன். வடிகாலில் தண்ணீர் போகும் சத்தம், தூரத்தில் எங்கேயோ நாய் குரைக்கும் சத்தம். அவ்வளவுதான். வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா, “இன்னைக்கு வரல” என்பாள். நாளைக்கு வந்துவிடுவாள் என்பதுபோல இருக்கும் அவள் குரல்.

ஒரு நாள் மாலை ஒரு மோட்டார் சைக்கிள் சாலையிலிருந்து தோட்டத்துக்குள் திரும்பியது. வெளிச்சம் அம்மாமேல் விழுந்தது. வண்டி தள்ளாடியது, ஓட்டி வந்தவன் காலை ஊன்றி ஊன்றிச் சமாளித்து, என்னமோ சாமி பேரைக் கத்திக்கொண்டு வேகமாகப் போய்விட்டான். மறுநாள் குழாயடியில் கதை வந்தது. மஞ்சள் சேலை, விரித்த தலை, காலே தரையில் படவில்லை. குடத்தில் தண்ணீர் நிரம்பி வழிய நான் நின்றுகொண்டிருந்தேன். அவன் பார்த்தது யாரை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்பாவிடம் சொன்னேன். அவர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். மிதித்துக்கொண்டே இருந்தார். “அம்மாகிட்டச் சொல்லாத” என்றார். “அதுதான் அவள உசிரோட வச்சிருக்கு.”

அப்படியே நடந்தது. அம்மா மாலையில் நிற்பாள். போகிறவர்கள் பார்த்து ஓடுவார்கள். மறுநாள் அம்மா அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டு வருவாள். “நாம கெளம்புன பிறகு வந்திருக்காடி. இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருக்கணும்” என்பாள். சில நாள் அவளுக்குக் கோபம் வரும். “எல்லார் கண்ணுக்கும் தெரியுறா. பெத்தவ கண்ணுக்கு மட்டும் தெரிய மாட்டேங்குறா. நான் என்னாடி பாவம் பண்ணேன்?” என்பாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அந்தச் செம்மண் பாதையில் நான் நடந்து வருவேன்.

வருஷம் திரும்புவதற்குள் மாமாவுக்கு அவர் வீட்டார் வேறு பெண் பார்த்தார்கள். பத்தாங் பெர்ஜூந்தைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். என் வயதுதான் இருக்கும். ஒல்லியாக, எப்போதும் குனிந்த தலையோடு இருப்பாள். அக்கா இருந்த அதே வீட்டில் அவளைக் கொண்டுவந்து வைத்தார்கள். கிணற்றடியில், கடையில் எங்கே போனாலும் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்ப்பார்கள். மூத்தவள் இவளை விடமாட்டாள் என்று அவள் காதுபடவே சொல்வார்கள். அம்மா அவளிடம் பேசியதில்லை, ஏசியதும் இல்லை. அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று கேள்விப்பட்ட அன்று மட்டும் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள்.

வயிறு தெரியத் தொடங்கியதும் அந்தப் பெண்ணுக்கு ஆட்டம் வந்தது. சமைத்துக்கொண்டிருப்பவள் திடீரென்று கண் சொருகி, பல்லைக் கடித்துக்கொண்டு தரையில் சாய்வாள். தொண்டையிலிருந்து வேறு குரல் வரும். மூத்தவள் பிடித்துவிட்டாள் என்றார்கள். பூசாரியைக் கூட்டிவந்து கட்ட வேண்டும் என்றார்கள். சுங்கை சோவில் பெரிய பூசாரி ஒருவர் இருந்தார். அவரையும் அவருடைய உடுக்கைக்காரர்களையும் அழைத்துவர ஆபீசில் லோரி கேட்டார்கள். துரை உடனே சம்மதித்தார். அவர்களை ஏற்றிக்கொண்டு லோரி வந்தது. அப்பா வாசலில் நின்று, அது புழுதி கிளப்பிக்கொண்டு வருவதைப் பார்த்தார். உள்ளே போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டார். மறுபடியும் கழற்றினார். அவர் கோயிலுக்கு வரவில்லை.

முனியாண்டி கோயில் முன்னால் பட்டப்பகலில் அது நடந்தது. தோட்டமே கூடியிருந்தது. பெரிய கிராணிக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அந்தப் பெண்ணைத் தரையில் உட்காரவைத்துத் தலையை அவிழ்த்துவிட்டார்கள். உடுக்கைச் சத்தம் ஏற ஏற அவள் உடம்பு சுழன்றது. பெரிய வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுழன்றாள். பூசாரி வேப்பிலையால் அவள் முகத்தில் அடித்தார்.

“நீ யாரு? சொல்லு!”

அவள் அக்காவின் பேரைச் சொன்னாள். கூட்டம் முனகியது.

“எதுக்கு வந்த? உனக்கு என்னா வேணும்? சேலை வேணுமா? கோழி வேணுமா? சாராயம் வேணுமா? கேளு, குடுக்கிறோம்.”

அவள் தலையைத் தூக்கினாள். கண் எங்கேயோ பார்த்தது.

“லோரி” என்றாள்.

“என்னா?”

“லோரி அனுப்புங்க. நேரமாச்சு. லோரியக் கொண்டாரச் சொல்லுங்க. சாவியக் குடுக்கச் சொல்லுங்க.”

உடுக்கை நின்றுவிட்டது. பூசாரி சுற்றிலும் பார்த்தார். வெளியூர்க்காரர், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. “அதெல்லாம் முடியாது. வேற ஏதாவது கேளு” என்றார். அவள் மறுபடியும் “லோரி, லோரி” என்று அழுதாள். குழந்தை அழுவதுபோல அழுதாள். பெரிய கிராணி நாற்காலியிலிருந்து எழுந்தார். யாரையும் பார்க்காமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார்.

அம்மா கூட்டத்து நடுவில் ஓடிப்போய் அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டாள். அவள் முகத்தைத் தடவினாள். “வந்துட்டியாடி, வந்துட்டியாடி” என்றாள். பூசாரி கையில் ஆணியைப் பார்த்ததும் அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“கட்டாதீங்க சாமி. இந்தப் புள்ளைக்குக் கஷ்டமா இருந்தா, எம்மேல ஏத்தி விடுங்க. நான் தூக்கிக்கிறேன். அவ என்கிட்டயே இருக்கட்டும்.”

நாலு பெண்கள் சேர்ந்து அம்மாவை இழுத்துக்கொண்டு வந்தோம். நானும் அதில் ஒருத்தி. பூசாரி அந்தப் பெண்ணின் உச்சிமயிரைச் சுற்றிய ஆணியோடு பாலத்துக்குப் போய், பக்கத்தில் நின்ற மரத்தில் அடித்துவிட்டு வந்தார்.

இரண்டு மூன்று நாள் கழித்துக் கிணற்றடியில் அந்தப் பெண்ணைத் தனியாகப் பார்த்தேன். அவளே பேசினாள்.

“உங்க அக்கா மூஞ்சிகூட எனக்குத் தெரியாது. வீட்டுல போட்டோவ எல்லாம் எடுத்து வச்சிட்டாங்க. நான் நடிக்கலீங்க. அன்னைக்கு யாரு பேசுனான்னு எனக்குத் தெரியல.” கயிற்றை விட்டுவிட்டு வயிற்றைத் தொட்டுக்கொண்டாள். “எனக்குப் பயமா இருக்கு. அதே லோரிதான நிக்குது. அதே ஆபீஸ்தான.”

வாளியைத் தூக்கிக் கொடுத்தேன். அந்த வாரமே அவள் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது, இரண்டு பேரும் சுகம் என்று கேள்விப்பட்டோம். மாமாவும் வேலையை விட்டு அங்கேயே போனார். போவதற்கு முன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அதன்பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை.

அந்தப் பெண் வாய்விட்டுச் சொன்னதைக் கேட்ட பிறகாவது லோரி விஷயம் பேசப்படும் என்று அப்பா நினைத்திருந்தார். ஒரு வாரத்தில் அதுவும் கதையாகிவிட்டது. பிள்ளைத்தாச்சிப் பாலத்துப் பேய் லோரி கேட்கும், அதனால் லோரிக்காரர்கள் அங்கே நிறுத்தக் கூடாது என்று ஆனது. மரலோரிகள் அந்த இடத்தில் வேகமெடுத்துப் போகத் தொடங்கின. அப்பா ஆபீஸ் ஜன்னலுக்குப் போவதை விட்டுவிட்டார்.

ஆணி அடித்த பிறகும் பாலத்தில் பார்த்ததாகச் சொல்கிறவர்கள் இருந்தார்கள். அம்மாவுக்குச் சந்தோஷம். “அவ ஒரு ஆணிக்கு அடங்குறவளா?” என்றாள். அந்த ஒரு மாதம் அவள் தலைவாரிக்கொண்டாள், சாப்பிட்டாள்.

பிறகு ஒரு மாலை ஒரு டாக்சி வந்தது. தோட்டத்துக்கு யாரோ உறவுக்காரர்கள் வந்திருக்க வேண்டும். பாலத்தின் பலகைகள் ஆடியதால் டாக்சி மெதுவாக ஊர்ந்தது. பின் கண்ணாடி இறங்கியிருந்தது. உள்ளே தாயின் மடியில் ஒரு சின்னப் பெண். அம்மாவை நேருக்கு நேர் பார்த்தது. அப்படி ஒரு அலறல். அம்மா, “பயப்படாத கண்ணு, நான் மனுஷிதான்” என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டி ஓரடி முன்னால் போனாள். அந்தத் தாய் பிள்ளையின் முகத்தைத் தன் மார்பில் புதைத்துக்கொண்டு, “போயிரு தாயே, எங்கள விட்ரு தாயே” என்று கும்பிட்டாள். டாக்சி பலகைகள் தடதடக்கப் பறந்துவிட்டது.

அம்மா நீட்டிய கையோடு நின்றாள். தன் சேலையைக் குனிந்து பார்த்தாள். அவிழ்ந்திருந்த தலைமயிரைத் தொட்டாள்.

“என்னையப் பாத்துதான் கத்துனுச்சு” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “அப்ப இத்தன நாளா எல்லாரும் பாத்தது…”

நான் போய் அவள் கையைப் பிடித்தேன். பிடுங்கிக்கொண்டாள். அன்று அவள் எனக்கு முன்னால் தனியாக நடந்தாள். வீட்டில் சேலையை மாற்றி, மடித்து, பெட்டியில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

இருந்தும் அவளுக்கு ஒன்று மிச்சம் இருந்தது. மீன்காரர் பார்த்தது அவள் பாலத்துக்குப் போகத் தொடங்குவதற்கு முன்னால். அடுத்த தடவை ஹாரன் கேட்டதும் தட்டு இல்லாமல் வெறுங்கையோடு போனாள்.

“அன்னைக்கு மழையில நீங்க பாத்தது எம்பொண்ணுதானா? உண்மையச் சொல்லுங்க. எனக்கு ஆறுதல் வேணாம்.”

மீன்காரர் தராசைக் கீழே வைத்தார். “அக்கா, மழை. மஞ்சளா ஏதோ ஆடுச்சு. வாழை எலையா இருக்கும், துணியா இருக்கும். அங்கதான் அந்தப் பொண்ணு செத்துச்சுன்னு எனக்குத் தெரியும். அதான் எனக்கு அப்படித் தெரிஞ்சுச்சு. மன்னிச்சிருங்க அக்கா.”

அம்மா தலையாட்டினாள். அவர்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. திரும்பி வரும்போது என்னிடம் சொன்னாள்: “அங்க ஒண்ணுமே இல்லடி. ஒண்ணுமே இல்ல. கடுகு தூவுனாங்களே, ஆணி அடிச்சாங்களே, யாருக்கு? அவ எங்கயுமே இல்லடி.”

அக்கா செத்த அன்றுகூட அம்மா அப்படி அழவில்லை. இந்தத் தடவை சத்தம் வரவில்லை. வாய் திறந்திருந்தது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, இவளுக்கும் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டு போனார்கள்.

எண்பதுகள் முடிவதற்குள் மீதி ரப்பரையும் வெட்டிவிட்டார்கள். ஆட்களைக் குறைத்தார்கள். நாங்கள் சுங்கை சோ பக்கம் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். நான் ரவாங்கில் ஃபேக்டரி வேலைக்குப் போனேன். அப்பா ஒரு கிடங்கில் காவலுக்குப் போனார். இரண்டு மூன்று வருஷத்தில் இறந்தும் போனார். கடைசி வரை சாவியைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை.

அம்மா நீண்ட காலம் இருந்தாள். அந்தத் தாமான் குடியிருப்பிலும் பெண்கள் மாலையில் வாசலில் உட்கார்ந்து பேசுவார்கள். காலி வீடு, பழைய ஈயக் குட்டை, ஃபேக்டரிக் கழிவறை என்று பேச்சு பேயில் வந்து நிற்கும். அம்மா எழுந்து போகமாட்டாள். கடைசி வரை கேட்பாள். கேட்டு முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

“நீங்க பாத்தீங்களா?”

“நான் பாக்கலக்கா, எங்க நாத்தனா பாத்துச்சாம்” என்பார்கள்.

அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து உள்ளே போய்விடுவாள்.